மலையகத்தில் மீன்தொட்டி: தண்ணீர் பழகிய பிறகுதான் மீன்

கொழும்பில் ஒரு மாதத்தில் தயாராகும் தொட்டி, நுவரெலியாவில் இரண்டு மாதமானாலும் தயாராகாமல் நிற்கும். கண்ணாடி, பில்டர், மீனுணவு எல்லாம் அதேதான். தண்ணீர்தான் வேறு. நம் தண்ணீர் குளிர்ந்தது. அதோடு பெரும்பாலும் மிக மென்மையானது. இந்த இரண்டும் தொட்டிக்குள் என்ன செய்கின்றன என்று விளங்கிவிட்டால், கடையில் அடிக்கடி பார்க்க முடியாத மீன்களைக்கூட இங்கே நன்றாக வளர்க்கலாம். விளங்காவிட்டால் கப்பியே சாகும்.

முதலில், தொட்டி "தயாராவது" என்றால் என்ன?

மீன் விடும் கழிவில் பெரும்பகுதி அமோனியா. அது செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அமோனியாதான் வரும். அது நஞ்சு. பில்டர் ஸ்பொஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒரு வகை பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றை மீன் ஓரளவு தாங்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் போதிய அளவு பெருகிய தொட்டிதான் தயாரான தொட்டி. புதுத் தொட்டியில் இவை இருப்பதில்லை. பளிங்குபோல் தெளிந்த தண்ணீரில் மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான்.

ஹட்டனில் தோசை மா புளிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பற்றீரியா 25 முதல் 30 பாகை செல்சியஸில் வேகமாகப் பெருகும். 18 பாகையில் வேகம் ஏறக்குறைய பாதி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகைக்குக் கிட்ட. தை மாதத்துக் காலையில் புல்லில் உறைபனி படியும் ஊரில், ஹீட்டர் இல்லாத தொட்டி முதிர மாதக்கணக்கில் எடுப்பதில் வியப்பில்லை.

குளிரைச் சமாளிப்பது எளிது. தொட்டி முதிரும் காலத்துக்கு மட்டும் ஒரு ஹீட்டரை இரவல் வாங்கி 26 பாகையில் வையுங்கள். முதிர்ந்த பிறகு நாளுக்கு ஒரு பாகையாகக் குறைத்து, நீங்கள் வளர்க்கப்போகும் மீனுக்கான அளவுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்ததும் பற்றீரியா மெதுவாகும்தான். ஆனால் குளிரில் மீனும் குறைவாகத் தின்று குறைவாகக் கழிக்கும்.

மென்மையான தண்ணீர்தான் ஆளை ஏமாற்றும்.

நம் மலைகளின் பாறை எளிதில் கரையாதது. அதன் மேல் நூற்றாண்டுகளாகக் கொட்டிய மழை, மண்ணிலிருந்த கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. தேயிலை மலையில் டொலமைட் தூவுவதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். அந்த மண்ணிலிருந்து ஊறி வரும் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் நுரைத்துத் தள்ளும், கேத்தலில் வெள்ளைப் படிவு இருக்காது. வீட்டு வேலைக்கு அது நல்ல தண்ணீர். தொட்டிக்கு ஒரு பொருள் குறைகிறது: காபனேற்றுக் கடினத்தன்மை. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் இதை கே.எச். என்று போட்டிருக்கும். மாத்தளை, திகனைப் பக்கம் சுண்ணக்கல் வகைப் பாறை ஓடுகிறது. அங்கே கிணற்று நீர் கடினமாக இருக்கலாம். ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கே.எச். எதற்கு? அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. பி.எச். என்பது தண்ணீரின் அமிலத்தைக் காட்டும் எண், அது குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த அமிலத்தைத் தின்று பி.எச். விழாமல் பிடித்து வைப்பது கே.எச்.தான். அது தீர்ந்தால் பி.எச். 6-க்குக் கீழே சரியும். பற்றீரியா வேலையை நிறுத்திவிடும்.

எவ்வளவு வேகமாகத் தீரும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமான தொட்டியில் விளிம்பு வரை 70 லீற்றர் பிடிக்கும். மணலும் கல்லும் மேலே விட்ட இடமும் போக 60 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் புரதமுள்ள மீனுணவு 1 கிராம் அதில் முழுதாக அழுகினால், லீற்றருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் அமோனியா நைதரசன் வரும். அதை நைத்திரேற்றாக்க 0.4 கே.எச். செலவாகும். பீலித் தண்ணீரில் கே.எச். 1 மட்டுமே இருந்தால் இரண்டரை கிராம் உணவோடு கதை முடிந்தது. பத்துப் பன்னிரண்டு சிறு மீன்களுக்கு அது இரண்டு மூன்று வாரச் சாப்பாடு.

"மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு தானாகவே எல்லாம் செத்துவிட்டது" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டரை கிராம்தான் இருக்கிறது.

இதில் ஒரு கொடுமையான திருப்பமும் உண்டு. பி.எச். விழுந்த தொட்டியில் அமோனியா சேர்ந்துகொண்டே இருக்கும், ஆனாலும் மீன் உடனே சாகாது. அமிலத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட முழுதும் அமோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். 20 பாகையில் பி.எச். 6 என்றால் நஞ்சான வடிவம் 0.04 சதவீதம், பி.எச். 8 என்றால் 3.8 சதவீதம். நூறு மடங்கு. மீன் சோர்ந்திருக்கிறதே என்று பதறி, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கடினமான கிணற்று நீரை ஊற்றினால் பி.எச். சட்டென்று ஏறும், தூங்கிக்கொண்டிருந்த அமோனியா முழுதும் விழித்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றிய அன்று இரவே மீன் செத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் அமோனியாவை அளந்து பாருங்கள். இருந்தால் உணவை நிறுத்தி, அதே பி.எச். உள்ள தண்ணீரால் நாளுக்குப் பத்துப் பத்துச் சதவீதமாக மாற்றி அமோனியாவைக் குறைத்த பிறகே கே.எச்.சை ஏற்றுங்கள்.

கே.எச். 3 அல்லது 4 இருந்தால் போதும். இரண்டு வழி உண்டு. உடனடித் தேவைக்கு அப்பச்சோடா: 60 லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது 5 கிராம், கே.எச்.சை ஏறத்தாழ 2.8 கூட்டும். மீன் இல்லாத தொட்டியில் ஒரே தடவையில் கரைத்து ஊற்றலாம். மீன் இருந்தால் நான்காகப் பிரித்து நான்கு நாளில். நீண்ட காலத்துக்குச் சிப்பி ஓடு: கோழித் தீனிக் கடையில் கிடைக்கும் உடைத்த சிப்பியில் 100 கிராம் அளவு எடுத்துத் தூசி போகக் கழுவி, வலைப் பையில் கட்டி, பில்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது அது கரையும், இல்லாதபோது சும்மா கிடக்கும். ஆள் வைத்துக் கவனிப்பதுபோல. டொலமைட் தூளைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பால்போல் கலங்கிப் பல நாள் தெளியாது. பவளத் துண்டும் வேண்டாம். நம் நாட்டில் பவளம் எடுப்பது சட்டவிரோதம், சிப்பி அதே வேலையைச் செய்கிறது.

இனி தொட்டியை முதிர வைக்கும் முறை.

கழுவிய ஆற்று மணல், வழவழப்பான கல், ஸ்பொஞ்ச் பில்டர், எயார் பம்ப், ஹீட்டர், வெப்பமானி. நிரப்பியதும் 80 கிலோவுக்கு மேல் எடை வரும். ஆடாத மேசை வேண்டும். கண்ணாடிக்கு அடியிலும் பின்னாலும் ரிஜிபோம் தட்டு வைத்தால் இரவுக் குளிர் குறையும். குழாய்த் தண்ணீர் என்றால் அதில் குளோரீன் இருக்கும். வாளியில் எடுத்து எயார் பம்ப் ஓட விட்டு ஒரு நாள், பம்ப் இல்லாவிட்டால் இரண்டு நாள் வையுங்கள். பீலி, ஊற்று, ஓடைத் தண்ணீர் என்றால் வேறு கவலை. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். மரக்கறித் தோட்டத்திலும் மருந்தடிப்பு ஓய்வதில்லை. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். மென்மையான தண்ணீரில் மீனையும் விடாது. பெருமழை தொடங்கிய நாளிலும் அடுத்த இரண்டு நாளும் மலைக்குக் கீழே வரும் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். நல்ல நாளில் பிடித்து மூடி வைத்த இரண்டு வாளி எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

கே.எச்.சை 4-க்கு ஏற்றி, ஹீட்டரை 26-ல் வைத்து, தினம் ஒரு சிறு சிட்டிகை மீனுணவு போடுங்கள், 0.2 கிராம் போதும். மீன் இல்லாத தொட்டிக்கு உணவா என்று வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. முதிர்ந்த தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது அழுக்கேறிய பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கினால் பாதிக் காலம் மிச்சம். பாலுக்கு உறை விடுவது போன்ற வேலை அது. ஈரத்தோடு, குளோரீன் படாமல், அதே நாளில் கொண்டு வந்து உங்கள் பில்டரில் சொருகுங்கள். நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் வாங்காதீர்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அமோனியா, நைத்திரைற்று, கே.எச். மூன்றையும் அளந்து சுவர்க் கலண்டரில் குறியுங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைத்திரைற்று ஏறும். இந்தக் கட்டம்தான் நீளமானது, பொறுமை போவதும் இங்கேதான். கே.எச். 2-க்குக் கீழே வந்தால் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. தினச் சிட்டிகை தொடரும்போதே அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு வாரம் விடாமல் பூச்சியமாக நின்று, நைத்திரேற்று மட்டும் ஏறினால் தொட்டி தயார். உறை ஸ்பொஞ்ச் இருந்தால் இரண்டு மூன்று வாரம்; இல்லாவிட்டால் ஐந்து ஆறு வாரம்.

அதன் பிறகு ஸ்பொஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவினால் இவ்வளவு பாடும் வீண். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும், எயார் பம்ப் தேவையில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கடல் மட்டத்தில் 16 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9.9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். ஆனால் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 80 சதவீதம்தான். அங்கே அதே தண்ணீரில் 7.9 மட்டும். கொழும்பில் 28 பாகைத் தண்ணீரில் இருப்பதும் 7.8. ஆக, குளிரால் கிடைத்த லாபத்தை உயரம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொட்டியை 26 பாகைக்குச் சூடாக்கினால் 6.5-க்கு இறங்கிவிடும். ஹீட்டர் போடும் ஒவ்வொருவரும் எயார் பம்பும் போட வேண்டும்.

ஹீட்டர் செலவையும் பார்த்துவிடுங்கள். 14 பாகைக்கு இறங்கும் அறையில் 60 லீற்றரை 26-ல் நிறுத்த 100 வோட்ஸ் ஹீட்டர் தேவை. அது நாளில் பாதி நேரம் எரிந்தாலும் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். காற்றுக்கு மரம் விழுந்து இரவெல்லாம் கரண்ட் இல்லாமல் போனால் விடியும்போது தண்ணீர் எங்கே நிற்கும் என்றும் யோசியுங்கள். டிஸ்கஸ் மீனுக்கு 28 பாகை வேண்டும். நுவரெலியாவில் அதை வளர்ப்பது முடியாத காரியமில்லை, ஆனால் மழைக்காலம் முழுக்க மின்சாரத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டின் இயல்பான குளிருக்கு ஒத்துப்போகும் மீனைத் தேடுவதே எங்கள் பரிந்துரை. ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் தொட்டித் தண்ணீரை அளந்தால் உங்கள் வீட்டுக்கான எல்லை தெரியும்.

காலையில் 16, பகலில் 19 என்றால் வைட் கிளவுட் மீன்தான் முதல் தெரிவு. தென்சீனத்தில் குவாங்சோ நகருக்கு அருகே வெண்முகில் மலையின் ஓடைகளில் 1930-களில் அறிவியலுக்குத் தெரிய வந்தது. பெயரும் அந்த மலையிலிருந்தே வந்தது. 4 சென்ரிமீற்றர்தான் வளரும், எட்டுப் பத்தாக விட்டால் ஆண்கள் செட்டையை விரித்து ஒன்றுக்கொன்று காட்டும். கொழும்புச் சூட்டில் சோர்ந்து நிறம் மங்கியிருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே குளிருக்குச் சொர்க்க மீன் எனப்படும் பரடைஸ் மீனும் சரி. 1869-ல் பிரான்சின் பாரிஸ் நகருக்குப் போய், ஐரோப்பியர் வீட்டுத் தொட்டியில் வளர்த்த முதல் வெப்பநாட்டு மீன்களில் ஒன்றானது. காற்றை மேலே வந்து குடிக்கும் மீன்; ஆகவே கண்ணாடி மூடி வேண்டும், இல்லாவிட்டால் மேலே நிற்கும் குளிர்காற்று பட்டுச் சோரும். 60 லீற்றரில் ஓர் ஆண் மட்டும். இரண்டு விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளையில் தொட்டி 18 முதல் 22 வரை நின்றால் மிளகுப் புள்ளி கொரிடொராஸ், ரோசி பார்ப் இரண்டும் ஹீட்டர் இல்லாமல் வாழும். கொரிடொராஸ் மணலைக் கிளறித் தின்னும். கூரான சல்லியில் மீசை தேய்ந்து புண்ணாகும்.

கண்டி, பதுளைக்காரர்களுக்கு நம் நாட்டு மீனே இருக்கிறது. சிங்களத்தில் புலத் ஹப்பயா, வெற்றிலை சப்பியவன் என்று பெயர். கடையில் பிளாக் ரூபி பார்ப். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. களனி முதல் நில்வளை வரையுள்ள ஆறுகளின் நிழலான ஓடைகளில் வாழ்வது. 22 முதல் 26 பாகை, மென்மையான தண்ணீர், மங்கலான வெளிச்சம், அடியில் சருகு. வெளிச்சம் கூடிய தொட்டியில் வெளிறிக் கிடக்கும் ஆண், மிதக்கும் செடி போட்டு நிழலாக்கியதும் முன்பாதி சிவந்து பின்பாதி கறுத்துவிடும். காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடித்ததில் இந்த மீன் ஒரு காலத்தில் மிகவும் குறைந்தது. பண்ணையில் பெருக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் நீங்களே பிடிக்கப் போக வேண்டாம். ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு போன்ற இடங்களில் அது குற்றம்.

"டாங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீனை வாங்காதீர்கள். கடையில் விரல் நீளம்; வளர்ந்தால் ஒன்றரை அடி. அழுக்கைத் தின்னும் என்பதும் கதை, தானே பெரிய அழுக்கு செய்யும். வளர்ந்ததும் ஆற்றில் விட்டவர்களால் அது இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் பரவிவிட்டது. இடமில்லாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், மகாவலியிலோ கொத்மலையிலோ விடாதீர்கள்.

மீனைக் கொழும்பிலிருந்து கொண்டு வரும்போது ஒரு விசயம். கீழ்நாட்டில் கட்டிய முறுக்குப் பக்கெட் நானுஓயா தாண்டும்போது பலூன்போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் பையும் அப்படித்தான். காற்று கால் பங்கு விரியும். இறுக்கிக் கட்ட வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லி, ரிஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். தொட்டி அன்று 24 பாகையில் இருக்கட்டும். பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டு, திறந்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பல மணி நேரப் பயணத்தில் பைக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், திறந்ததும் அது வெளியேறி பி.எச். ஏறும், மேலே சொன்ன அமோனியாக் கதை பைக்குள் நடக்கும். பிறகு ஹீட்டரை நாளுக்கு ஒரு பாகையாகக் குறையுங்கள். தண்ணீர் மாற்றும்போதும் சூடு பார்க்க வேண்டும்: 14 பாகையில் இருக்கும் 11 லீற்றரோடு 1 லீற்றர் கொதிநீர் கலந்தால் 20 பாகைக்குச் சற்று மேலே வரும்.

கடைசியாக, பலர் ஆசைப்பட்டு முதலில் வாங்கித் தோற்கும் மீன்: மலையோடை லோச். பல்லியைத் தட்டையாக்கியதுபோல் உடம்பு, கண்ணாடியில் முத்திரைபோல் ஒட்டிக்கொள்ளும். 20 முதல் 24 பாகை, வேகமான ஓட்டம், நிறைய ஒட்சிசன். 60 லீற்றருக்கு மணிக்கு 600 லீற்றர் தள்ளும் பம்ப் வேண்டும். உறிஞ்சும் வாயில் ஸ்பொஞ்ச் மாட்டுங்கள். இவ்வளவும் செய்த தொட்டியிலும் அது மெலிந்து சாவது உண்டு, பசியால். அதன் சாப்பாடு கல்லில் படரும் மெல்லிய பாசியும் அதில் வாழும் நுண்ணுயிரும்தான். புதுத் தொட்டியில் அது கிடையாது. தொட்டி முதிர்ந்த பிறகும் மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் வெயில் விழும் இடத்தில் அகலமான பேசினில் தண்ணீர் விட்டு, உள்ளங்கையளவு வழவழப்பான கற்களை அடுக்கி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை படியும். வாரம் இரண்டு கல்லைத் தொட்டிக்குள் வைத்து, நக்கித் துடைத்த இரண்டை வெளியே எடுத்துப் பேசினில் போடுங்கள். மீன் கண்ணாடியில் ஏறும்போது கீழிருந்து வயிற்றைப் பாருங்கள்: சமமாகவோ சற்று உப்பியோ இருந்தால் கல் போதும், உள்வாங்கிக் குழிந்திருந்தால் அன்றே இன்னும் இரண்டு கல் உள்ளே போக வேண்டும்.